ஓடுவார்க்கு உணவு

பழவேற்காட்டு ஏரியில் வலை இழுப்பாரை நோக்கி, "உண்ணாது சென்றால் உடல் இலேசாகும், வலையும் விரைவிற் கரையேறும்" என்று எவரேனும் கூறுவாராயின் குப்பத்தார் நகைப்பர். உழைப்புக்கு உணவு வேண்டுமென்பது ஆங்குச் சிறுவரும் அறிந்தது. ஆயின் அக்குப்பத்துப் பிள்ளை பந்தயத் திடலில் இறங்கியதும், மெலிந்தால் வேகம் கூடுமென்னும் உரையை எளிதில் நம்பிவிடக் கூடும். இம்மயக்கத்தைக் குறித்தே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தைப் பய்யோலி உஷா 55.42 விநாடியில் ஓடி நான்காமவரானார். மூன்றாமிடம் பெற்ற ருமேனிய நங்கையின் காலம் 55.41. இடைவெளி விநாடியின் நூற்றிலொரு கூறு; கண்ணிமைப்பும் அதனினும் நெடிது! ஆங்குத் தமக்கேற்ற உணவு கிடையாமையால் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும் உண்டே ஓடியதாகவும், கடைசி 35 மீட்டரில் வலி குன்றியதாகவும் அவரே பல்லாண்டு கழித்துக் கூறினார். முடிவுக் கோட்டில் மார்பை முன்சாய்க்கத் தவறியதே காரணமென்பாரும் உளர். இருக்கலாம். எனினும், தலைசிறந்த ஓட்டக்காரியைக் கடல் கடந்து அனுப்பியோர் அவர் எதை உண்பார் என்று எண்ணாமற் போனது சிறு பிழையன்று.

உஷாவுக்கு உணவு கிடைத்திலது. வேறு சிலரோ கிடைத்ததையும் தள்ளுகின்றனர். செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உணவு வாராதபோது உடல் சிக்கனஞ் செய்யத் தொடங்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோம். என்பு வலியிழந்து நுண்ணிய வெடிப்புக் காணும். நோய் எளிதிற் பற்றும். ஆடவர்க்கும் இக்கேடு உண்டென்று கண்டு, 2014இல் அனைத்துலக ஒலிம்பிக் குழுவினர் இதற்குத் தனிப்பெயரே இட்டனர். மாதவிலக்கு நிற்பதைக் கடும்பயிற்சியின் அடையாளமென்று மகிழ்வாரும் உளர், அஃது அறியாமை.

2024இல் பாரிஸில் வினேஷ் போகாட் 50 கிலோப் பிரிவின் இறுதிப் போட்டிக்கு முன், இரவெல்லாம் உணவும் நீரும் ஒறுத்தும் 100 கிராம் மிகுந்தமையால் விலக்கப்பட்டார். நாட்டார் அந்த 100 கிராமைப் பற்றியே பேசினர். அவ்வொறுத்தலைப் பற்றிப் பேசினார் சிலரே.

பழவேற்காட்டுக்கு மீள்வோம். ஏரியின் நல்ல இறால் சந்தைக்குப் போகின்றது. எஞ்சியதையும் பெண் கடைசியில் உண்பதே நம்மிடைப் பழைய வழக்கம். அரசினர் 2022இல் தொடங்கிய காலையுணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகட்கென வகுக்கப்பட்டது. பந்தயத்துக்குப் பொறுக்கியெடுக்கும் பருவமோ அதன் பின்னரே வருவது. வீட்டில் இல்லாமை ஒருபால், 'இளைத்துக்கொள்' என்னும் ஏவல் மற்றொருபால். இவ்விரண்டினிடையே பதினான்கு வயதுச் சிறுமி என்செய்வாள்?

வெள்ளிக் கிண்ணங்களுக்குப் பொருள் திரட்டும் விளையாட்டுச் சங்கத்தார் அவற்றுளொன்றைக் குறைத்து, பயிற்சி முடிந்ததும் அவித்த முட்டையும் கடலையும் வாழைப்பழமும் கொடுக்க முன்வருதல் வேண்டும். பலர் முன்னிலையில் சிறுமியரை நிறுத்தி எடை பார்த்தல் ஒழிக. மாதவிலக்குத் தவறினால் அஞ்சாது சொல்லுதற்கு ஒவ்வொரு குழுவிலும் பெண் ஒருவர் இருத்தல் வேண்டும்.