டிரையர் சரிசெய்தவருக்குக் கூலி

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குச் சாரல் ஒரு சுகம். தென்காசியில் குடியிருக்கிற நமக்கு அந்தச் சுகத்தோடு ஒரு சங்கடமும் உண்டு. ஜூனில் செங்கோட்டைப் பக்கம் மேகம் இறங்கியதென்றால் ஆகஸ்ட் வரை கொடியில் போட்ட வேட்டி காயாது. மூன்றாம் நாள் எடுத்தாலும் ஒரு முடைநாற்றம். அதனால்தான் நம் வீடுகளில் வாஷிங் மெஷினில் துவைக்கிற பக்கத்தைவிட டிரையர் பக்கத்துக்கு மதிப்பு அதிகம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டில் சூடான காற்றால் துணியைக் காயவைக்கிற தனி மெஷினைப் பார்த்திருப்பீர்கள். நான் சொல்வது அதை அல்ல. நம் செமி ஆட்டோமேட்டிக்கில் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கிற சின்ன டிரம். நிமிஷத்துக்குச் சுமார் 1300 சுற்று சுற்றித் தண்ணீரை உதறித் தள்ளும்.

எங்கள் வீட்டு டிரையர் போன சீசனில் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. அடியில் தண்ணீரும் கசிந்தது. கடையில் விசாரித்தேன். “பதினோரு வருஷம் ஆச்சுல்லா சார், எக்ஸ்சேஞ்சில் போட்டுருங்க” என்றார்கள். மேற்கொண்டு 13,000 ரூபாய். நானும் கிட்டத்தட்ட மனதைத் தயார் செய்துவிட்டேன். வீட்டுக்காரிதான், “எதுக்கும் அந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டுங்களேன்” என்றாள்.

வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். முதலில் பிளக்கைப் பிடுங்கினார். பின்மூடியைக் கழற்றி, மோட்டாரோடு டிரம்மை இணைக்கிற போல்ட்டைத் தளர்த்தி, டிரம்மை மேலே தூக்கினார். “டிரம்முக்கும் மோட்டாருக்கும் ஒண்ணுமில்ல சார். சீல்தான் போச்சு” என்று ஒரு ரப்பர் வளையத்தைக் காட்டினார். டிரம்மின் தண்டு இந்தச் சீலுக்குள் நுழைந்துதான் கீழே மோட்டாருக்குப் போகிறது. சீல் தேய்ந்தால் சோப்புத் தண்ணீர் தண்டு வழியாக இறங்கும். தண்டு துருப்பிடிக்கும், உள்ளே இருக்கிற புஷ் தேயும், டிரம் ஆடும், கடைசியில் மோட்டாரும் நனைந்து போகும். ஒரு சின்ன ரப்பரைக் கவனிக்காமல் விட்டதில் மொத்த மெஷினும் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற கதை இதுதான்.

அவர் தண்டை உப்புத்தாளால் தேய்த்துத் துருவை எடுத்தார். புதுச் சீலின் உதட்டில் சிலிகான் கிரீஸ் தடவினார். மோட்டார் புஷ்ஷுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, அவ்வளவுதான். நான் பெருமையாக, “போன மாசம் நானே தேங்காயெண்ணெய் விட்டேன்” என்றேன். சிரித்தார். தேங்காயெண்ணெய் குளிர்ந்தால் உறையும், தூசியைப் பிடித்துப் பிசினாகும். சாதாரண கிரீஸும் ரப்பருக்கு ஆகாதாம், பல வகை ரப்பரை அது உப்ப வைத்துவிடும். முக்கியமாக, மூடியைத் திறந்தால் டிரம்மைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் கட்டையில் ஒரு சொட்டு எண்ணெயும் படக்கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும், நிற்காத டிரம்முக்குள் யாராவது கையை விட்டுவிடுவார்கள். எண்ணெய் போடுவது என்றால் எங்கே போடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

வேலை முடிந்தது. சத்தமே இல்லை. சீல் 150, கூலி 450 என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? “ஒரு மணி நேர வேலைக்கு 450 ஆ?” என்று கேட்டு, 300 கொடுத்தேன். அவர் சண்டை போடவில்லை. சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே, “பையனை இந்த வேலைக்கு விடல சார். திருப்பூருக்கு அனுப்பிட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. கடைக்காரர் சொன்ன 13,000-ல் நான் 100 ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்திக் கொடுத்த மனிதரிடம் 150 ரூபாய்க்குப் பேரம் பேசியிருக்கிறேன். “இப்பல்லாம் ரிப்பேர் பார்க்க ஆளே கிடைக்கல” என்று வாக்கிங்கில் அலுத்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன். ஆள் எப்படிக் கிடைப்பான்?

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவில் வாஷிங் மெஷினுக்கு முக்கியமான உதிரி பாகங்களைப் பத்து வருஷம் வரை கொடுத்தாக வேண்டும் என்ற விதி 2021 மார்ச்சில் வந்துவிட்டது. நம் நாட்டிலும் பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-ல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அதே வருஷம் டிசம்பரில் அதற்கென்று ஓர் இணையதளமும் திறந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் சீல் கடையில் கிடைத்தால் போதுமா? அதை மாட்டத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கைக்கு நாம் கொடுக்கிற கூலியை எந்தச் சட்டமும் நிர்ணயிக்காது.

எல்லாவற்றையும் ரிப்பேர் செய்துகொண்டே இருக்க முடியாது என்பதும் உண்மை. மோட்டார் காயில் எரிந்து, டிரம்மும் விரிசல் விட்டிருந்தால் மாற்றுவதுதான் புத்தி. ஆனால் அதைச் சொல்ல வேண்டியது திறந்து பார்த்த மெக்கானிக். புதுசு விற்கிறவர் அல்ல.

மறுநாள் காலையில் போய் மீதி 150-ஐக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ‘இருக்கட்டும் சார்’ என்று சொல்லவில்லை. அது அவருடைய பணம், ஏன் சொல்ல வேண்டும்?

சாரல் தொடங்கும் முன்பே உங்கள் வீட்டு டிரையரை ஒருமுறை வெறுமனே ஓடவிட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். கேட்கிற கூலியைக் கொடுங்கள், முடிந்தால் ஒரு காபியும்.