படத்துல ஏழைப் பங்காளன்… அரண்மனைல சூதாட்டப் பங்காளன்!

"நடிகனுக்கு ஓட்டு போட்டாங்க, அனுபவிச்சாங்க." பிலிப்பைன்ஸ் முன்னாள் அதிபர் ஜோசப் எஸ்ட்ராடா பேரை எடுத்தாலே இந்த ஒரு வரியோட கதையை முடிச்சிடுறாங்க. மக்களே, அது சோம்பேறித்தனமான விமர்சனம். 2 நிமிஷம் ஒதுக்கிப் படிங்க.

அவர் ஸ்கிரீன்ல இருந்து குதிச்சு நேரா அதிபர் நாற்காலில உக்காரல. 1969ல் சான் ஹுவான் மேயர். 1987ல் செனட்டர். அமெரிக்க ராணுவத் தளங்களுக்கான புது ஒப்பந்தத்தை 1991ல் நிராகரித்த 12 செனட்டர்களில் ஒருவர். 1992ல் துணை அதிபர், 1998ல் அதிபர். அனுபவம் இல்லாம விழுந்தார்னு யாரும் சொல்ல முடியாது.

ஏழைகள் ஏன் அவரை நம்பினாங்க? பரம்பரைப் பணக்காரக் குடும்பங்களே மாறி மாறி ஆண்ட நாடு அது. 100 படங்களுக்கு மேல நடிச்சவர். பல படங்கள்ல அடிவாங்கித் திருப்பி அடிக்கிற ஏழை வேஷம். 'எராப்' என்ற செல்லப்பேரே நண்பனைக் கூப்பிடுற 'பாரே'வைத் திருப்பிப் போட்டதுதான், நம்ம மச்சி மாதிரி. "எராப் ஏழைகளுக்காக" என்பதுதான் கோஷம். நிஜத்துல அப்பா அரசு இன்ஜினியர். (மகனும் இன்ஜினியரிங் சேர்ந்து பாதில விட்டவர். அரியர் வச்சிருக்கிற தம்பிங்க ரொம்ப சந்தோஷப்படாதீங்க.)

இப்போ முக்கியமான இடம். ஹுவெட்டெங்னு ஒரு சட்டவிரோத நம்பர் சூதாட்டம். 1 முதல் 37 வரை ரெண்டு எண் சொல்லணும். ஏஜென்ட் வீடு வீடா வந்து சில்லறை வாங்கிட்டுப் போவான். கட்டுறது யாரு? மீன் விக்கிற அம்மா, வண்டி ஓட்டுற அண்ணன், கூலிக்காரங்க. கண்டுக்காம இருக்க மேல வரைக்கும் மாமூல். அந்த மாமூல் அதிபர் வரைக்கும் போச்சுன்னு 2000 அக்டோபர்ல போட்டு உடைச்சவர் எதிர்க்கட்சிக்காரர் இல்ல. அவரோட பழைய கூட்டாளி, இலோகோஸ் சூர் ஆளுநர் சாவிட் சிங்சன்!

ஏழைகளோட தோழன் கை வச்சது ஏழையோட சில்லறைல. பிற்பாடு நீதிமன்றம் உறுதி செஞ்ச சூதாட்டப் பணம் மட்டும் 54.5 கோடி பெசோ.

செனட் விசாரணைல ஒரு வங்கி அதிகாரி வந்து, ஓரடி தூரத்துல உக்காந்து பாத்தேன், 'ஹோசே வெலார்டே'ன்னு அதிபர் கையெழுத்து போட்டார்னு சாட்சி சொன்னாங்க. நமக்கு பேங்க்ல இனிஷியல் மாறினாலே ஃபார்மைத் திருப்பிக் கொடுக்குறாங்க!

2001 ஜனவரி 16. ஒரு வங்கி ஆவண உறையைத் திறக்கவே கூடாதுன்னு 11-10ல் செனட் முடிவு. அன்னைக்கு ராத்திரியே எஸ்எம்எஸ் பறந்துச்சு, எட்சா சாலை நிரம்புச்சு. 19ஆம் தேதி ராணுவத் தளபதி கைவிட்டார். 20ஆம் தேதி எஸ்ட்ராடா அரண்மனையை விட்டுப் படகுல கிளம்பினார். விசாரணை முடியாம, ராணுவம் பக்கம் மாறினதால ஒரு ஆட்சி போனதை முழு வெற்றின்னு கொண்டாட முடியாது.

ஏப்ரல்ல கைது. உடனே ஏழைகள் லட்சக்கணக்குல தெருவுக்கு வந்தாங்க, மே 1 அன்னைக்கு அரண்மனை வாசல் வரைக்கும் போனாங்க, உயிரும் போச்சு. அவங்களைப் பல்லில்லாதவங்க, குளிக்காதவங்கன்னு கிண்டல் பண்ணுச்சு படிச்ச கூட்டம். அவரைத் தவிர வேற எந்தத் தலைவர் அவங்களை மதிச்சாரு?

2007 செப்டம்பர் 12ல் ஆயுள் தண்டனை. அக்டோபர்லயே மன்னிப்பு! கொடுத்தது யாரு? 2001ல் அவர் நாற்காலில உக்காந்த அதே குளோரியா அரோயோ. இனி எந்தத் தேர்தலிலும் நிற்க மாட்டேன்னு அவர் வாக்கு கொடுத்திருக்கார்னு அந்த ஆணையிலேயே எழுதியிருந்துச்சு.

2010ல் அதிபர் தேர்தல்ல நின்னார். சுமார் 95 லட்சம் ஓட்டு, 2ஆம் இடம். 2013ல் மணிலா மேயர்!