வில்லின் நடுப்பிடி

மிதிலையில் இராமபிரான் நாணேற்றி இழுத்த சிவதனுசு எவ்விடத்தில் முறிந்தது? நடுவில் முறிந்தது என்கிறார் வான்மீகி. காவிய நயம் ஒருபுறம் இருக்க, இதில் ஒரு பௌதிக உண்மையும் அடங்கியிருக்கின்றது. நாணை இழுக்குந்தோறும் வில்லின் இரு நுனிகளும் பின்னோக்கி வளைகின்றன. அவ்வளைப்பு விசை நுனியிலிருந்து வளர்ந்து வளர்ந்து நடுவிலேயே உச்சம் அடைகின்றது. ஆதலின், வில் செய்யப் புகுவோன் முதற்கண் கவலைப்பட வேண்டியது நடுப்பகுதியைப் பற்றியே.

நம் வன்னிக் காடுகளில் வேட்டுவர் ஏந்திய வில் ஒரே கொம்பினால் ஆனது. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் சிறைப்பட்டிருந்து, 1679இல் அருவியாற்றங்கரைக் காட்டுவழியே நடந்து அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பிய ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலில் வேடரைப் பற்றி ஒரு சுவையான செய்தி கூறுகின்றார். அவர்கள் இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் ஓர் இலையை வெட்டி வைத்துச் செல்வார்களாம். பேச்சில்லை, பேரமில்லை, இலையே கட்டளை. பொருளைச் செய்யுமுன் அதன் வடிவத்தை வெட்டிப் பார்க்க வேண்டும் என்ற கைவினை விதியை அக்காட்டு மக்கள் நன்கறிந்திருந்தனர்.

இன்று விளையாட்டு அம்பெய்தலில் கழற்றிப் பூட்டும் வில் பெரிதும் வழங்குகின்றது. 1920இன் பின் ஒலிம்பிக்கில் இல்லாதிருந்த இவ்விளையாட்டு 1972இல் மியூனிக் நகரில் மீண்டும் இடம்பெற்றது. ஐந்தரை அடி நீண்ட வில்லுடன் கிளிநொச்சியிலிருந்து பஸ் ஏறுவது எளிதன்று. அதனையே நடுப்பிடி ஒன்று, சிறகுகள் இரண்டு என மூன்றாகப் பிரித்தால் ஒரு சிறு பைக்குள் அடங்கிவிடும். வளைந்து விசை தரும் சிறகுகளை அனுபவசாலியிடம் பெறுவதே நன்று. நடுப்பிடியையோ நம்மூர்த் தச்சரின் துணையுடன் அவரவர் கைக்கேற்பச் செய்துகொள்ளலாம்.

அதற்கு எந்த மரம்? வன்னியின் முதிரை இதற்குப் பொருத்தமானது. அது நீரின் கனத்தை நெருங்கும் கனமுடையது. எய்யும் கை நடுங்காதிருக்க அக்கனமும் உதவும். பாலை அதனினும் கனத்தது, நீரில் தாழ்ந்துவிடும். சிங்களத்தார் ஹல்மில்ல என்னும் சாவண்டலை சற்றே இலேசானது, உறுதியானது. எனினும் மரத்தின் பெயரைக் காட்டிலும் நாரோட்டமே முக்கியம். நார் பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் எத்துணை வைரம் பாய்ந்த மரமும் ஒருநாள் பிளந்துவிடும். கணுவும் வெளிறும் தவிர்க்கத்தக்கன.

இத்தனை சிறு துண்டுக்காகப் பச்சை மரத்தைத் தறித்தல் தகாது. முதிரை மெல்ல வளரும் மரம்; அதனை வெட்டவும் ஏற்றிச் செல்லவும் அனுமதிப் பத்திரம் வேண்டும். தச்சுப் பட்டறையின் கழிவுத் துண்டோ, இடிந்த வீட்டின் பழைய நிலைக்காலோ போதும். பல ஆண்டு உலர்ந்த மரம் முறுகாது என்பது மேலதிக நன்மை. ஆனால், வாள் வைக்குமுன் காந்தம் ஒன்றை மரத்தின்மீது ஓட்டிப் பார்த்தல் நன்று. பழைய ஆணி மட்டுமன்றி, 2009 வரை நீடித்த போரின் எறிகணைச் சிதறலும் நம் மரங்களுள் புதைந்திருத்தல் கூடும். ஆழப் புதைந்தது காந்தத்துக்கு அகப்படாது. ஆதலின் காயத் தழும்புள்ள துண்டை விலக்குக.

இனிச் செய்முறை. 18 அங்குல நீளம், 2 அங்குல அகலம், 3 அங்குலக் கனம் உள்ள கட்டை வேண்டும். மட்டையில் வடிவத்தை வெட்டி, கையில் பிடித்துப் பார்த்துத் திருத்திய பின்னரே மரத்தில் வரைக. கட்டையின் நடுவே நூல் பிடித்து ஒரு நேர்கோடு இடுக. துளைகள் யாவும் அக்கோட்டில் அமையாவிடின் சிறகுகள் கோணி, நாண் ஒருபுறம் சாயும். அம்பு தங்கும் படி நடுவுக்கு ஓர் அங்குலம் மேலும், கைப்பிடி அதற்குக் கீழும் அமைக. வலக்கையால் நாண் இழுப்போர்க்கு அம்பு செல்லும் வெட்டு இடப்புறத்தில் வரும். அவ்வெட்டே பிடியின் மிக மெலிந்த இடம். அதன் உள்மூலைகளைக் கூராக விடாது உருட்டிவிட வேண்டும். விசை கூர்மூலையிலேயே குவிந்து வெடிப்பைத் தொடக்கும். முதிரையின் நார் ஒன்றோடொன்று பின்னியது. சீவுளி பிய்த்துவிடுமாதலால், இறுதி வடிவத்தை மர அரத்தால் தேய்த்தெடுப்பது நலம்.

இரு முனைகளிலும் சிறகு அமரும் இருக்கைகள் கண்ணாடிபோல் சமமாக இருத்தல் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் உலோகப் புரியைப் பதித்துப் போல்ட்டால் இறுக்குக. சிறகு திரும்பாதிருக்கச் சிறு முளையும் வேண்டும். மாணவர் இங்கு நெம்புகோல் பாடத்தை நினைவுகூரலாம். இருக்கையின் விளிம்பிலிருந்து போல்ட்டு 2 அங்குலத்திலும், சிறகின் நுனி 20 அங்குலத்திலும் இருப்பின், நுனியில் உள்ள விசையைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கைப் போல்ட்டு தாங்குகின்றது. பிழையான துளையொன்றின் விலை எய்பவன் முகத்துக்கே நேரக்கூடும்.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் புண்ணும் உண்டாக்கும். மூக்கையும் வாயையும் மூடி வேலை செய்து, முடிந்ததும் கைகளை நன்கு கழுவுக. செய்து முடித்த வில்லை முதலிற் சிறிது சிறிதாக இழுத்துச் சோதிக்க வேண்டும். அம்பில்லாமல் நாணை இழுத்து விடுதல் ஒருபோதும் கூடாது. அம்பு ஏற்க வேண்டிய விசையை வில்லே ஏற்று முறிந்துவிடும். பெரியோர் துணையின்றிச் சிறுவர் எய்யவும் கூடாது. இது இலக்கெய்வதற்கு உரியது, வேட்டைக்கன்று. காட்டுயிர்களுக்கு 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காவலாக நிற்கின்றது.

பௌதிகப் புத்தகம் மாணவனிடம் இருக்கின்றது; நாரோட்டம் அறிந்த கை அயல் வீட்டுத் தச்சரிடம் இருக்கின்றது. பெற்றோர் இவ்விருவரையும் ஒரு விடுமுறை நாளில் ஒரே பட்டறையில் அமர்த்துவாராயின், வில் ஒன்று கிடைக்கும். அதனினும் மேலாக, எது வளைய வேண்டும், எது வளையலாகாது என்று பகுத்தறியும் பயிற்சியும் பிள்ளைக்குக் கிடைக்கும்.