வழுவுக்கு நாணாத கல்வி

செய்நிரல் எழுதக் கற்பதில் நம் மாணவர்க்கு இந்நாளில் பெருவிருப்பம் உண்டாகியிருக்கின்றது. பெற்றோரும் அதனை ஊக்குகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயின், அக்கல்விக்கு வேண்டிய பழக்கங்களையும் நாம் பயிற்றுகின்றோமா என்பதே ஈண்டு எமது வினா.

குறிப்புகளை மனனஞ் செய்தலும், கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்தலும் யாழ்ப்பாணத்து மாணவரின் நெடுநாட் பழக்கங்கள். போர்க்காலத்தில் மின்சாரமின்றிக் குப்பி விளக்கொளியில் இவ்வாறு கற்றுப் பல்கலைக்கழகம் புகுந்தோர் பலர். அவ்வுழைப்பை நாம் குறைத்துக் கூறோம். ஆனால் செய்நிரல் மனனத்துக்கு வசப்படுவதன்று. ஒரு குறி தவறினும் அது இயங்காது. வல்லுநர் எழுதியதும் முதன்முறையிலேயே வழுவின்றி இயங்குதல் அரிது. பிழை என்றால் சிவப்பு மையும் குறைந்த புள்ளியுமே என்று பழகிய கெட்டிக்கார மாணவன், திரையில் வழுச்செய்தி தோன்றியதும் தன் அறிவின்மேலேயே ஐயுறுகின்றான். அயலிலிருப்பவனைக் கேட்க நாணுகின்றான். சில நாளில் அக்கல்வியையே கைவிடுகின்றான். அவன் இழந்தது ஆற்றலையன்று, பழக்கமின்மையால் ஒரு வாய்ப்பை.

1947 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 9 ஆம் நாள், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் 2 என்னும் கணினி பழுதுற்றது. ஆராய்ந்தோர் அதன் மின்தொடுப்பி ஒன்றினுள் அந்துப்பூச்சி ஒன்றைக் கண்டனர். அதனை எறிந்துவிடாது, நாட்குறிப்பேட்டில் ஒட்டி, விவரமும் எழுதிவைத்தனர். பிழையை மறையாது பதிந்து வைக்கும் இப்பழக்கமே கணினித் துறையின் அடிப்படை.

இது நமக்கு அந்நியமானதன்று. நம் இலக்கண நூலார் வழுவை ஏழாக வகுத்தனர். அவற்றுள் வினா வழுவும் விடை வழுவும் அடங்கும். முறையாக வினாவுதலும் கற்கவேண்டியதொன்றென அவர் கொண்டனர் போலும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், 1887 இல் கலித்தொகையை அச்சிடுமுன், பல இடங்களிலிருந்து ஏடுகளைப் பெற்று ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளை ஆராய்ந்தார். அப்பொறுமையே இன்று செய்நிரலாளனுக்கும் வேண்டுவது.

யாழ் நகரில், யாழ் ஐ.ரி. ஹப் அமைப்பின் முயற்சியால் எழுந்த ‘ஊக்கி’ என்னும் பயிற்சிக்கூடம், செய்நிரலாக்கத்தோடு ஆங்கிலத்தையும் பேச்சு, கூட்டுறவு முதலாய திறன்களையும் சேர்த்தே இளைஞர்க்குப் பயிற்றிவந்துள்ளது. தொழிலகம் புகுவோர்க்கு இவை வேண்டுமெனின், பாடசாலை மாணவர்க்கு ஏன் வேண்டா?

எனவே நாம் வேண்டுவன சில. ஒவ்வொரு மாணவனும் வழுக்கொப்பி ஒன்று வைத்திருத்தல் வேண்டும். கண்ட வழு, முயன்ற வழிகள், இறுதியில் அறிந்த காரணம் ஆகியன நாளிட்டு அதில் எழுதப்படுக. இருவர் ஒரு கணினியில் அமர்ந்து, ஒருவன் எழுத மற்றவன் வாசித்து வினாவுக; பின் இடம் மாறுக. “சேர், இது ஓடவில்லை” என்னும் முறைப்பாட்டோடு நில்லாது, எதிர்பார்த்தது யாது, நிகழ்ந்தது யாது என்று சொல்லப் பழகுக. வாரந்தோறும் ஒருவன் தன் செய்நிரலை வகுப்புக்கு முன் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்குக.

கேட்டவுடன் செய்நிரல் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு இன்று வந்துவிட்டது. இவற்றுக்கு இனித் தேவையென்ன என்பாரும் உளர். வினாவத் தெரியாதவன் அதனிடம் எதைப் பெறுவான்? வழுவை ஆராய்ந்தறியாதவன், அது தந்ததை எங்ஙனம் சோதிப்பான்? தேவை கூடியதேயன்றிக் குறைந்திலது.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிகளுக்குக் கணினிகளை அன்பளிப்புச் செய்தோர் நம்முட் பலர், அவர்க்கு நன்றி. இனி வேண்டுவது அவர்தம் நேரம். கொழும்பிலும் கடல் கடந்தும் இத்துறையிற் பணிபுரிவோர், மாதம் ஒரு மணி நேரம் திரைவழியே வந்து, ஒரு மாணவன் தன் வழுவை எடுத்துரைப்பதைப் பொறுமையோடு கேட்பாராக. தாம் தொடக்கத்தில் விட்ட பிழைகளையும் அவனுக்குச் சொல்வாராக. அச்சொல் கேட்ட மாணவன் மறுநாளும் கணினியின் முன் அமர்வான் என்பது எமது துணிபு.