லவுஞ்சில் யாரை அமர்த்துவது?

உம்ராவுக்காகவும் பிழைப்புக்காகவும் பிள்ளைகளைக் காண்பதற்காகவும் நம் சமுதாயத்தினர் கடல் கடப்பது பெருகிவிட்ட இக்காலத்தில், லவுஞ்ச் எனப்படும் விமான நிலைய ஓய்வுக்கூடங்களைப் பற்றிய பேச்சும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. "இந்தக் கார்டை வாங்கினால் லவுஞ்ச் இலவசம்" என்று வங்கி முகவர்கள் ஆசை காட்டுகின்றனர். உள்ளே என்ன கிடைக்கும், அது யாருக்குத் தேவை என்பதை நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

1939-இல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய அட்மிரல்ஸ் கிளப் இவற்றின் முன்னோடி. அழைப்புப் பெற்ற பிரமுகர்களுக்கே அன்று அதன் கதவு திறந்தது. இன்றோ பிசினஸ் வகுப்புப் பயணிகள், அடிக்கடி பறந்து உயர்நிலை உறுப்பினரானோர், பிரயாரிட்டி பாஸ் போன்ற அட்டை உடையோர், வாசலில் கட்டணம் செலுத்துவோர் எனப் பலரும் நுழைகின்றனர். அட்டையிலோ கட்டணத்திலோ வருவோருக்குப் பெரும்பாலும் மூன்று மணி நேரமே அனுமதி. கூட்டம் மிகுந்தால் அட்டையிருந்தும் திருப்பி அனுப்பப்படலாம்.

சாய்விருக்கை, இணையம், தேநீர், சிற்றுணவு ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். குளியலறை எல்லா இடத்திலும் இராது. துபாயில் எமிரேட்ஸும் தோஹாவில் கத்தார் ஏர்வேஸும் தம் உயர்வகுப்புப் பயணிகளுக்காக நடத்தும் மாளிகை போன்ற கூடங்களின் படங்களைப் பார்த்துவிட்டு வங்கி அட்டையோடு செல்வோர் ஏமாறுவர். அந்த அட்டைக்குத் திறப்பது வேறு கதவு.

முஸ்லிம் நாடு என்பதால் மது இராது என்றும் எண்ணிவிட வேண்டாம். துபாய், தோஹா, இஸ்தான்புல் லவுஞ்சுகளில் மது பரிமாறப்படுகிறது. ஐரோப்பாவில் இறைச்சியை மட்டுமன்றி, சாஸில் ஒயின் கலந்துள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும். தொழுகைக்காக லவுஞ்சைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. வளைகுடா நிலையங்களிலும் இஸ்தான்புல், கோலாலம்பூர், சிங்கப்பூர் சாங்கி ஆகியவற்றிலும் தொழுகை அறைகள் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்துள்ளன. சாங்கியில் சாய்ந்து உறங்கும் இருக்கைகளும் இலவசமே.

கார்டின் 'இலவசம்' பற்றியும் ஒரு சொல். ஆண்டுக் கட்டணம் ஒருபுறமிருக்க, காலாண்டுக்கு இவ்வளவு செலவழித்தால்தான் லவுஞ்ச் என்று இந்திய வங்கிகள் பல நிபந்தனை விதித்துவிட்டன. அந்த இலக்குக்காகத் தேவையற்றதை வாங்குவது வீண்விரயம். தவணை தவறினால் வட்டி. ஒரு தட்டு பிரியாணிக்காக வட்டியின் வாசலில் போய் நிற்பானேன்?

எனினும் ஓரிடத்தில் லவுஞ்சுக்குப் பணம் செலவிடுவதை நாம் முழுமனதோடு ஆதரிக்கிறோம். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மலிவான பயணச்சீட்டில் உம்ராவுக்குப் புறப்படும் நம் பெற்றோர் இடைநிலையத்தில் ஆறேழு மணி நேரம் காத்திருக்க நேர்கிறது. ஜித்தா விமானம் மீகாத் எல்லையை வானிலேயே கடந்துவிடுவதால், அங்கேயே குளித்து இஹ்ராம் உடுத்த விரும்புவோர் பலர். பொதுக் கழிவறையின் ஈரத்தரையில் ஒரு கையால் சுவரையும் மறுகையால் துணியையும் பற்றிக்கொண்டு முதியவர் படும் பாடு கண்டவர்க்கே தெரியும். குளியலறை உள்ள லவுஞ்சில் மூன்று மணி நேரம் அவர்களுக்குப் பேருதவி. தனக்கு அட்டை வைத்திருக்கும் மகன் தாய் தந்தைக்காக இதை எண்ணிப் பார்க்கிறாரா? பயண ஏற்பாட்டாளர்களும் விலையைச் சொல்லும்போதே காத்திருப்பு நேரத்தையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

முன்பதிவின்போது குளியலறை உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இஹ்ராம் துணியைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி நேரே ஜித்தாவுக்குப் போய்விடும். நிய்யத் வைத்தபின் அங்குள்ள வாசனைச் சோப்பும் நறுமணத் துவாலையும் ஆகா என்பதை நினைவூட்டுங்கள். பல லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு ஒலிப்பதில்லை. ஆங்கிலம் அறியாத பெற்றோராயின், புறப்பாட்டு வாயில் எண்ணையும் நேரத்தையும் தாளில் எழுதிக் கொடுத்து, வரவேற்பு மேசையில் அதைக் காட்டச் சொல்லுங்கள்.