இட்டேரிகள் மறையலாமா?

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் ஊரிலிருந்து தோட்டத்திற்கும், தோட்டத்திலிருந்து மேய்ச்சல் காட்டிற்கும், அங்கிருந்து கரட்டு அடிவாரத்திற்கும் போகும் மண் தடங்களுக்கு இட்டேரி என்று பெயர். இரு புறமும் உயிர்வேலி, நடுவே ஒரு மாட்டு வண்டி போகும் அளவிற்கு வழி. இந்தத் தடங்கள் பல ஊர்களில் வருஷத்திற்கு வருஷம் குறுகி வருகின்றன. சில இடங்களில் தடம் இருந்த சுவடே இல்லை.

கிணற்றில் தண்ணீர் வற்றினால் ஊரே கூடிப் பேசுகிறது. வாய்க்கால் அடைபட்டால் ஆள் திரண்டு தூர் வாருகிறார்கள். தடம் மறைந்தால் மட்டும், அது இரண்டு பங்காளிகளின் தகராறு என்று ஊர் ஒதுங்கிக்கொள்கிறது. இது சரியல்ல. தண்ணீரைப் போலத் தடமும் விவசாயத்திற்கு மூலதனம்தான். எரு போவதும் விளைச்சல் வருவதும் அதன் வழியாகத்தான். ஆடு மாடுகள் மேய்ச்சலுக்குப் போவதும், பெண்கள் புல்கட்டோடு வீடு திரும்புவதும் அதன் வழியாகத்தான். தடம் இல்லாத நிலத்திற்கு விலையும் இல்லை. விளைந்த வாழைத்தாரையும் மஞ்சளையும் தலைச்சுமையாகவே ரோட்டிற்குக் கொண்டுவர வேண்டியிருந்தால், கூலி கொடுத்தபின் மிஞ்சுவது என்ன?

இட்டேரி வெறும் வழி மட்டுமல்ல. பல இடங்களில் அது இருபுறத்து நிலத்தைவிடத் தாழ்ந்திருக்கும். பெருமழையில் காட்டு வெள்ளம் அதில் இறங்கி ஓடிக் குட்டையில் சேரும். தடத்தை மண் போட்டு மேடாக்கினால் அந்த வெள்ளம் யாருடைய பயிரிலாவதுதான் புகும்.

வேலியின் பயனும் பெரிது. கிளுவைப் போத்தை மழைக்காலத்தில் நட்டுவிட்டால் பெரிய செலவு ஏதுமின்றி வேலி ஆகிவிடும். காற்றின் வேகத்தைத் தடுக்கும், மண் அரிப்பைக் குறைக்கும், ஆட்டிற்குத் தழை தரும். அதில் கோவையும் பிரண்டையும் முசுமுசுக்கையும் படரும். கௌதாரி, கீரி, ஓணான், பாம்பு எல்லாம் அங்கே குடியிருக்கும். பயிரைத் தின்னும் புழுவையும் எலியையும் சம்பளம் வாங்காமல் பிடிக்கும் கூலியாட்கள் இவை. காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் சேர்ந்தே அந்த மாட்டினத்தை வளர்த்து வந்துள்ளன. முள்கம்பி வேலி எல்லையைக் காட்டும். தழை தருமா? குருவிக்குக் கூடு தருமா?

தடம் ஒரே நாளில் மறைவதில்லை. ஒவ்வோர் உழவிலும் ஒரு சால் தள்ளி உழுவதால் அது தேய்கிறது. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது பின்பக்கத்துப் பங்கிற்கு வழி எழுத மறந்துவிடுகிறார்கள். அண்ணன் தம்பி இருக்கும்வரை தொல்லை இல்லை. அவர்கள் பிள்ளைகள் காலத்தில் வாசலில் பூட்டு விழுகிறது. நிலம் மனைகளாகும்போது தடத்தின் குறுக்கே மதில் எழுகிறது. ரோடு போடுகிறோம் என்று பொக்லைன் கொண்டு இரு புறத்து வேலியையும் வேரோடு பிடுங்குவதும் நடக்கிறது. நடப்பார் இல்லாத தடத்தைச் சீமைக்கருவேல் மூடிவிடுகிறது.

தடத்தை ஒட்டி நிலம் வைத்திருப்போரின் குறையையும் கேட்கத்தான் வேண்டும். போகிற ஆடு பயிரைக் கடிக்கிறது. தேங்காய் காணாமல் போகிறது. குடித்துவிட்டுப் போட்ட பாட்டில் துண்டு உழவு மாட்டின் காலைக் கிழிக்கிறது. இந்த நஷ்டத்தை அவர் ஒருவர் தலையில் போட்டுவிட்டு, வழியை மட்டும் ஊர் கேட்பது நியாயமாகாது. ஆடு மேய்ப்பவர் பயிர்ப் பகுதியில் மந்தையை நிறுத்தாமல் ஓட்டிச் செல்ல வேண்டும். குப்பை போடுவோரை ஊர் கண்டிக்க வேண்டும். மாட்டு வண்டிக்குப் போதுமான அகலம் டிராக்டருக்கும் அறுவடை இயந்திரத்திற்கும் போதாது என்பதும் உண்மை. அகலப்படுத்தும்போது ஒரு பக்கத்து வேலியையாவது விட்டுவைக்கலாம். வயலின் நடுவே போகும் தடத்தை இரு தரப்பும் சம்மதித்து எல்லை ஓரமாக மாற்றிக்கொள்ளலாம். அதை எழுதிப் பதிவு செய்துகொள்வது நல்லது.

பிணக்கு முற்றினால் சட்டம் என்ன சொல்கிறது? தனி சர்வே எண்ணோடு புறம்போக்காகப் பதிவான வண்டிப்பாதையை எவரும் சொந்தமாக்க முடியாது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஆக்கிரமிப்பை அகற்றலாம். பட்டா நிலத்துக்குள் போகும் தடம் வேறு வகை. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒரு வழியை 20 ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தியவருக்குப் பாத்தியம் உண்டு. தயவில் விட்ட வழிக்கு இது பொருந்தாது. பாகப்பிரிவினையால் வேறு வழியே இல்லாமல் அடைபட்ட நிலத்திற்கும் அவசியத்தின் பேரில் வழி கேட்க இடமுண்டு. ஆனால் இதையெல்லாம் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். வழக்கு முடியும்வரை விளைச்சல் காத்திருக்குமா?

ஒற்றையடிப் பாதைக்கெல்லாம் வரைபடமா என்று சிலர் சிரிக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் வயல், காடு, குன்று வழியாகப் போகும் பொது நடைபாதைகளைக் கணக்கெடுத்து வரைபடமாக்கச் சொன்னது. இன்று அங்கே பதிவான பொது வழிகள் சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டர். வயலின் குறுக்கே போகும் நடைபாதையை விவசாயி விதைப்பிற்காக உழலாம். ஆனால் 14 நாட்களுக்குள் அதை மீண்டும் நடக்கத்தக்கதாகச் செய்து, தடம் தெரியும்படி விட வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நிலம் உழவருடையது, வழி ஊருடையது. இரண்டிற்கும் அங்கே இடம் கிடைத்திருக்கிறது.

அந்தச் சட்டம் இங்கே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிராம மக்கள் இன்றே செய்யக்கூடியவை மூன்று உண்டு.

முதலாவது, கணக்கெடுப்பு. புல வரைபடத்தை இப்போது இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டா நிலத்துக்குள் போகும் தடம் பல வரைபடங்களில் புள்ளிக்கோடாக இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களோடு தடங்களை நடந்து பார்க்க வேண்டும். எது எங்கே போனது என்று சொல்ல அவர்களை விட்டால் ஆளில்லை.

இரண்டாவது, தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் உண்டு. ஏதாவது ஒன்றில் தடங்களின் பட்டியலை வைத்துத் தீர்மானம் போட்டு, புறம்போக்குத் தடங்களை அளந்து கல் நடும்படி தாசில்தாருக்கு அனுப்பலாம்.

மூன்றாவது, பத்திரம். பாகம் பிரிப்பவரும் நிலம் விற்பவரும் ‘மாமூல் தடம்’ என்று ஒரு வரியோடு விடக் கூடாது. எந்தத் திசையில், எத்தனை அடி அகலத்தில், எதுவரை, நடக்கவா வண்டி ஓட்டவா என்று எழுத வேண்டும். அன்றைக்கு எழுதும் இரண்டு வரி, பேரன் காலத்து வழக்கைத் தடுக்கும்.

மலையடிவாரத்தில் தடம் காப்புக்காட்டிற்குள் நுழைந்தபின் நிலைமை வேறு. அங்கே வனத்துறையின் விதிகள் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி மேய்ச்சலுக்கும் சிறுவன மகசூலுக்கும் உரிமை கோரும் மக்கள், தாங்கள் போய் வரும் தடத்தையும் மனுவில் தெளிவாகக் காட்டுவது நல்லது.

வேலி ஓரத்தில் ஒரு சால் கூடுதலாக உழுவதால் கிடைப்பது சில படி தானியம். அதனால் அடைபடுவது பின்னால் உள்ள அத்தனை பேருடைய விவசாயமும். நாளை அந்தத் தடத்தின் வழியாகவே உழுதவரின் சொந்த மகனும் போக வேண்டியிருக்கலாம். அடுத்த கிராம சபைக்குப் போகும் ஒவ்வொரு விவசாயியும் முன்னதாகத் தம் தோட்டத்து இட்டேரியை ஒரு முறை கடைசி வரை நடந்து பார்த்துவிட்டுப் போவது நலம்.