கடலில் கொட்டிய எண்ணெய் குருவியின் இறகுக்குள் போனது எப்படி?

2010 ஏப்ரல் 20. மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் பலியானார்கள். கசிவை நிறுத்த 87 நாட்கள் ஆனது. அதற்குள் எண்ணெய், அமெரிக்காவின் லூசியானா கரையோர உப்புச் சதுப்பு நிலங்களுக்குள் புகுந்துவிட்டது.

முதல் அடி யாருக்கு?

ஸ்பார்டினா என்ற புல்லுக்கு. எண்ணெய் தடிமனாகப் படிந்த ஓரங்களில் புல் பட்டுப்போனது. வேர் செத்ததும் மண்ணுக்குப் பிடிமானம் போச்சு. அலை அரித்து, கரையே கரைந்தது.

அடுத்து?

புல்லில் ஏறி மேயும் நத்தைகள், பூச்சிகள், சிலந்திகள் குறைந்தன. இவற்றைத் தின்றுதான் பறவைகள் வாழ்கின்றன. சதுப்புப் புல்லுக்குள்ளேயே வாழும் ஒரு குருவியின் இறகிலும், அது தின்ற இரையிலும் அந்த எண்ணெயின் கார்பன் இருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

அப்போ எல்லாமே அழிந்ததா?

இல்லை. ஓடை மீன்கள் பல, எதிர்பார்த்ததைவிடத் தாக்குப்பிடித்தன. மீனால் இடம் மாற முடியும். நத்தை என்ன செய்யும்? புல் திரும்ப முளைக்கும்வரை காத்திருக்கணும்.

நமக்கென்ன?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அலையாத்தி மரங்களிலும் கூழைக்கடாக்களின் இறகிலும் ஒட்டியதை எல்லோரும் பார்த்தோம். மேலே மிதப்பதை அள்ளினால் மட்டும் வேலை முடியாது. சேற்றில் இறங்கியதையும் வருடக்கணக்கில் கண்காணிக்க வேண்டும். இறாலையும் நண்டையும் நம்பியிருக்கும் மீனவக் குடும்பங்களும் அந்த உணவு வலையில்தான் இருக்கின்றன.